இருபதடிப் புது இடம்

வெள்ளிக்கிழமை ஃபேக்டரிக்குப் பெங்களூரிலிருந்து கஸ்டமர் வருகிறார். அதற்குள் ஸ்டோர் ரூம் எலி பிடிபடாவிட்டால், ஸ்டோர் இன்சார்ஜ் மாதேஷ் பர்கூர் குடோனுக்குப் போக வேண்டியதுதான் என்று மேனேஜர் ராஜ்குமார் சொல்லிவிட்டார். பர்கூர் குடோனில் மின்விசிறி கிடையாது.

திங்கள் மாலை மாதேஷ் பொறியில் வடை வைத்தார். செவ்வாய் காலை வடையும் இல்லை, எலியும் இல்லை. பொறி மட்டும் கழுவி வைத்ததுபோல் இருந்தது.

மாதேஷ் எதையும் படித்துவிட்டுச் செய்கிறவர். விலங்குகள் புது இடத்தை ஏன் துழாவுகின்றன என்ற ஆராய்ச்சியின் வரலாற்றை போனில் திறந்தார்.

"சார், அந்த எலி..." என்றார் பெருக்க வந்த சாந்தம்மா.

"படிச்சிட்டிருக்கறேன்க்கா. அப்பறம்."

பசிக்காகத்தான் எலி நடமாடும் என்று முதலில் நம்பினார்களாம். பிறகு, வயிறு நிறைந்த எலிகூட புது இடத்தைப் பார்க்க மின்சாரக் கம்பியைத் தாண்டிப் போனதாம்.

"வடையெல்லாம் பழைய காலம் சார்," என்றார் மாதேஷ் மேனேஜரிடம்.

"எலி எங்க?"

"அதுக்குத்தான் புது எடம் கட்டறேன்."

அட்டைப்பெட்டிகளால் இருபதடிக்கு வளைந்து வளைந்து பாதை கட்டினார். எலி வரவில்லை. ஃபோர்க்லிஃப்ட்டும் உள்ளே வர முடியாமல், லோடு வெயிலில் நின்றது.

புதன்கிழமை ஆராய்ச்சி குரங்குக்கு வந்திருந்தது. வெளியே வேடிக்கை பார்ப்பதற்காகவே கூண்டின் ஜன்னலைத் திறக்கக் கற்றுக்கொண்ட குரங்கு. மாதேஷ் பாதையில் ஒரு ஜன்னல் வெட்டினார். எலி எட்டிப் பார்க்கவில்லை. டீ பிரேக்கில் மொத்த ஷிஃப்டும் வரிசையில் நின்று எட்டிப் பார்த்தது. உற்பத்தி லைன் கால்மணி நேரம் நின்றது.

"இன்னிக்கு என்ன சார் கட்டறீங்க?" என்று சாந்தம்மா தினமும் கேட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை கடைசிப் பக்கம். வெளியில் திரியும் எலி, புதிதாக எதை வைத்தாலும் பல நாள் ஒதுங்கியே இருக்கும் என்று போட்டிருந்தது. மாதேஷுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இத மொதல் பக்கத்துலயே போட்டிருக்கலாம்."

வெள்ளிக்கிழமை வந்த கஸ்டமர் லைன் பக்கமே போகவில்லை. ஜன்னலில் குனிந்து ஐந்து நிமிடம் பார்த்தார்.

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க சார்," என்றார் மாதேஷ்.

மேனேஜர் ராஜ்குமார் சத்தம் போடவில்லை. "திங்கக்கெழம பர்கூர் போயிருங்க," என்றார்.

மாதேஷ் பெட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தார். சாந்தம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கூடவே பிரித்தார்.

"எங்கதான் போச்சோக்கா அந்த எலி?"

"செவ்வாக்கெழம காலையிலயே பொறியில இருந்துச்சு, ஏரிக்கரையில விட்டுட்டேன்," என்றார் சாந்தம்மா. "இல்லாத எலிய எத்தன நாளைக்குத் தேடுவீங்கன்னுதான் சார் பாத்துட்டிருந்தேன்."