கண்டிஷன் அண்ணனும் மூன்று தேங்காயும்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஓர் ஆற்றை இவ்வளவு சந்தேகப்பட்ட மனிதர் கண்டிஷன் அண்ணன் ஒருவர்தான். வீட்டில் வைத்த பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. எதற்கெடுத்தாலும் "மொதல்ல கண்டிஷன் பாக்கணும்ங்க" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

அறந்தாங்கியில் நாங்கள் தங்கியிருந்த ஆண்கள் விடுதியில் கீழ் அறை அவருக்கு. கர்நாடகத்து மலை ஆறு ஒன்றில் படகு விடும் முகாமில் எட்டு வருடம் இருந்துவிட்டு, இங்கே செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வரும்போது ஒரு கயாக்கையும் கொண்டுவந்தார். பாய்கிற வெள்ளத்தில் ஒற்றை ஆள் துடுப்புப் போட்டுப் போகிற சிவப்புப் படகு. அறைக்குள் அது முழுசாக அடங்கவில்லை. மூக்கு வராந்தாவில் நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் பனியன்கள் எல்லாம் அதன் மேல்தான் காய்ந்தன.

சிக்கல் என்னவென்றால், அறந்தாங்கிப் பக்கத்து வெள்ளாற்றில் வருடத்தில் பத்து மாதம் மணல்தான் இருக்கும். அதுவும் இப்போது குறைவு. ஆனாலும் ஞாயிறு தவறாமல் ஆற்றுக்குள் நடந்து கண்டிஷன் பார்ப்பார். ஒருநாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "என்னத்தத் தொலைச்சீங்க?"

"ஒன்னுமில்லைங்க. தண்ணி இந்த எடத்துல எப்புடித் திரும்பும்னு பாக்குறேன்."

"எந்தத் தண்ணி?"

அன்றிலிருந்து அந்த மனிதர் ஆடுகளை அக்கரையில்தான் மேய்த்தார்.

அப்புறம் ஓர் ஐப்பசியில் ஐந்து நாள் விடாத மழை. ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. என் அறைத்தோழன் செல்வராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பைக் ஷோரூமில் வேலை பார்ப்பவன். எதையும் டெஸ்ட் டிரைவ் போட்டே ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை தடுப்பணைக்கு மேலிருந்து கயாக்கில் குதிக்கப்போவதாக வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். அவனுக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. மாமனார் ஆகப்போகிறவர் ஜெகதாப்பட்டினத்தில் சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர். ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு அவரே நேரில் வந்துவிட்டார். பின்னாலேயே ஊர் திரண்டது. சுண்டல் வண்டி வந்தது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே கண்டிஷன் அண்ணன் பையைத் திறந்து மூன்று தேங்காய்களை எடுத்தார். பூசை என்று நினைத்து நாலு பேர் செருப்பைக் கழற்றினார்கள். அவர் ஒன்றன்பின் ஒன்றாக மூன்றையும் ஆற்றில் வீசினார். அணையைத் தாண்டி விழுந்து மறைந்தன. கொஞ்ச நேரம் கழித்து அணைச் சுவரின் அடியில் மேலே வந்தன, திரும்பவும் உள்ளே போயின, திரும்பவும் வந்தன. ஒன்றுகூட அந்த இடத்தைத் தாண்டி ஆற்றோடு போகவில்லை. அண்ணன் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். இருபது நிமிடம்.

"இன்னிக்கி எறங்கப்படாதுங்க."

"தண்ணி நல்லாத்தானண்ணே போகுது?" என்றேன்.

"மேலாப்புல போகுது. அடியில திரும்பி வருது. தேங்காயவே விட மாட்டேங்குது, செல்வராச விடுமா?"

செல்வராஜ் மாமனாரை ஓரக்கண்ணால் பார்த்தான். சட்டையைக் கழற்றிவிட்டுக் கயாக்கைப் பிடித்து இழுத்தான். அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கரையிலேயே கயாக்குக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் சேர்ந்து ஆற்றுப் பக்கம் இழுத்தோம்; அவர் சேற்றில் துடுப்புப் போட்டுப் பின்னால் போனார். கூட்டம் விசிலடித்தது. கயாக் ஓட்டம் என்றால் இதுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"கௌரவப் பிரச்சினைண்ணே, எறங்குங்க!" என்று நானும் கத்தினேன்.

அந்த நேரம் வெள்ளத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் மிதந்து வந்தது. அணையைத் தாண்டி விழுந்தது. மறைந்தது. மேலே வந்து, உருண்டு, சுவரில் மோதி, மறுபடி உள்ளே போனது. ஆறேழு சுற்று சுற்றியதில் அதன் வயிறு பிளந்துகொண்டது. சுண்டல் தின்றவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள்.

மாமனார் மெதுவாகக் கரையோரம் போய் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பினார்.

"மாப்ள, சட்டையப் போடுங்க."

"இல்ல மாமா..."

"முப்பது வருசமா கடலுக்குப் போறேன். இதுல நான் எறங்க மாட்டேன். போடுங்க."

செல்வராஜ் கடைசிப் பொத்தானையும் போட்ட பிறகுதான் அண்ணன் கயாக்கை விட்டு இறங்கினார். முழங்கால் வரை சேறு. எங்களில் ஒருவரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கயாக்கில் ஒட்டிய சேற்றை நான்தான் கழுவினேன். படகை இழுத்த நாலு பேரில் நானும் ஒருவன்.

அடுத்த வருடம் அண்ணன் பழைய முகாமுக்கே திரும்பிவிட்டார், கயாக்கோடு. செல்வராஜுக்கு இப்போது இரண்டு பெண் குழந்தைகள்.

மழைக்காலம் வந்தால் நான் பாலத்தில் வண்டியை நிறுத்தி ஆற்றைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புவேன். உடனே போன் வரும்.

"நொரை வெள்ளையா, காவியா? எலை நேராப் போகுதா, நின்னு திரும்புதா?"

எட்டிப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்வேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சொல்வார்:

"இன்னிக்கி வேணாம்ங்க. நாளைக்கு இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க."

"சரிண்ணே" என்பேன். என்னிடம் படகே கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.