சம்பளத்துக்குள் அடங்காத கவர்னர்

இந்திய ரூபாய் எந்த நாளில் எவ்வளவு இறங்கினாலும், அது ஏன் இறங்கியது என்பதை அறிந்தவர் சேர்வராயன் மலை முழுவதிலும் ஒருவர்தாம் இருந்தார். டில்லியில் இருப்பவர்களுக்கு அது தெரியாது என்பது அவருடைய துணிபு. கொட்டச்சேட்டுப் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் நிறுக்கும் வேலை அவருக்கு. அதே தோட்டத்து ஆபீசில் நான் ரைட்டர். கணக்கும் கடிதமும் என் பொறுப்பு. ரூபாய் நோட்டில் கையெழுத்துப் போடுபவர் ரிசர்வ் வங்கிக் கவர்னர் என்பதால், அந்தக் கையெழுத்தை நாள்தோறும் குறை சொன்ன இவருக்கும் ஊரார் அதே பட்டத்தைச் சூட்டிவிட்டார்கள். அதில் அவருக்கு வருத்தமில்லை.

"அவருக்கு அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. எனக்கு இல்லீங்க. அதனால நான் சொல்றதுல பயம் இருக்காது" என்பார்.

அவருடைய பொருளாதாரம் முழுவதும் தராசடியில் பிறந்தது. பறிப்புக் காலத்தில் பெண்கள் பழ மூட்டையோடு வந்து வரிசையில் நிற்பார்கள். மழை நாளில் மூட்டை நனைந்து கனத்திருக்கும். தண்ணீரின் எடையை மதிப்பிட்டுக் கழித்துவிடுவது தோட்டத்து வழக்கம். அதற்கு ஈரக் கழிவு என்று பெயர். கவர்னர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, கண்ணை மூடி, நெடுநேரம் தியானித்து, "ரெண்டு கிலோ" என்று திருவாய் மலர்வார். பெண்கள் விடமாட்டார்கள்.

"ஏனுங்க கவர்னரே, உங்க கை வேர்த்திருக்குது. அதையும் எங்க மூட்டையிலயா கழிப்பீங்க?"

"கை வேர்வை எஸ்டேட்டோடதுங்க அம்மணி. அஞ்சு மணிக்கு மேலதான் அது என்னுது."

இந்த ஈரக் கழிவைத்தான் அவர் நாட்டுக்கும் பரிந்துரைத்தார். "நோட்டு அடிக்கறாங்களே, அதுவும் ஒரு மூட்டைதாங்க. உள்ளாற சரக்கு அதே அளவு. மேல தண்ணியத் தெளிச்சுக்கிட்டே இருக்கறாங்க. கனம் ஏறுது, சரக்கு ஏறலீங்க. டில்லியில கை விட்டுப் பாக்க ஒரு ஆளு இல்ல. அதான் கேடு."

பரிகாரமும் அவரிடம் இருந்தது. நோட்டுகளை மிளகின் பேரில் அடிக்க வேண்டும். மிளகு கெடாது, எலி தின்னாது, சில்வர் ஓக் மரத்தில் தானே ஏறிக்கொள்ளும். இந்தத் திட்டத்தை அவர் டீக்கடைக்காரரான பாயிடம் விளக்கியபோது நானும் உடனிருந்தேன்.

"தங்கத்த வச்சு நோட்டு அடிச்சாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். மிளகையா?" என்றார் பாய்.

"தங்கத்த ரசத்துல போட முடியுமா பாய்?"

பாய் சிறிது யோசித்து, முடியாது என்று ஒப்புக்கொண்டார். பிறகு, "சரி, இன்னைக்கு டீக்கு என்ன நோட்டு?" என்றார்.

"இருக்கற நோட்டுத்தான். கொள்கை மாறற வரைக்கும் பொறுத்துக்குங்க."

ரூபாயைப் பற்றிய அவருடைய கருத்துகளை நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்டோம். சம்பளத்தைப் பற்றிய கருத்துகளோ எங்களை நடுங்க வைத்தன. காலை எட்டு மணிச் சங்குக்குக் காக்கிக் கோட்டை மாட்டுவார். மாலை ஐந்து மணிச் சங்குக்குக் கழற்றுவார். கோட்டுக்குள் இருப்பது எஸ்டேட்டின் ஆள், வெளியே இருப்பது தம்முடைய ஆள் என்பது அவர் வகுத்த எல்லை.

ஒருநாள் மேனேஜரின் பங்களாவுக்குப் பெரிய சோபா ஒன்று வந்தது. கவர்னரும் இன்னும் மூவரும் அதைத் தூக்கிக்கொண்டு பாதி மாடிப்படி ஏறிய சமயம் சங்கு ஊதியது. கவர்னர் தம் பக்கத்துச் சோபாக் காலை மெல்லப் படியில் இறக்கி வைத்தார். மேனேஜர் மேலே, சோபா நடுவே, இறங்க வழியில்லை.

"என்னய்யா பண்றே?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"அஞ்சு ஆச்சுங்க" என்றார் கவர்னர். நிதானமாகக் கோட்டைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டினார். திரும்பி வந்து, "இப்ப பக்கத்து ஊட்டுக்காரனா வந்திருக்கேனுங்க. வாங்க, தூக்கலாம்" என்று முன்னிலும் உற்சாகமாகத் தோள் கொடுத்தார். சோபா மேலே போய்ச் சேர்ந்ததும் மேனேஜர் நூறு ரூபாய் நீட்டினார். கவர்னரின் முகம் கறுத்தது. "ஒத்தாசைக்கு வந்தவனுக்குக் கூலி குடுப்பீங்களா? காப்பி குடுங்க, குடிக்கிறேன்" என்றார். அன்று மேனேஜர் தம் கையாலேயே காப்பி கலந்து கொடுத்தார் என்று சமையற்காரர் சத்தியம் செய்தார்.

அடியேனும் தப்பவில்லை. பேரேட்டைப் புரட்டிக்கொண்டே பதிகங்களை முணுமுணுப்பது என் நெடுநாள் வழக்கம். ஒருநாள் ஆபீஸ் சன்னலருகில் வந்து நின்றார்.

"ஏனுங்க ரைட்டரய்யா, இது உங்க நேரமா, எஸ்டேட் நேரமா?"

"எஸ்டேட் நேரந்தான். சாமிக்கு ஏதய்யா நேரம்?"

"சாமிக்கு இல்லீங்க. சம்பளத்துக்கு உண்டு. மொதலாளி காசுல பாடினா புண்ணியத்துல பாதி அவரு பேருக்குப் போயிருமுங்க."

சிரித்தேன். ஆனால் மறுநாள் முதல் ஐந்து மணி வரை வாய் திறக்கவில்லை. அதற்கு முன் பல்லாண்டுகள் பாடியவற்றில் முதலாளிக்கு எவ்வளவு போயிற்று என்ற கவலை இன்றும் முழுதும் நீங்கவில்லை.

அதன் பிறகு மாலை வேளைகளில் இருவரும் சேர்ந்து டீக்கடைக்கு நடப்பது வழக்கமாயிற்று. மரங்களினூடே பனி இறங்கும். நான் பாடுவேன், அவர் ஒரு சொல்லும் பேசாமல் வருவார். எப்படியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "நல்லாருக்குதுன்னு சொல்ல மாட்டேனுங்க. சொன்னா அது கூலியாயிரும்" என்றார். கூலி கருதாத தொண்டே தொண்டு என்று அடியார்கள் பாடியதை எத்தனை முறை உருகிப் பாடியிருப்பேன். அதன் பொருள் என் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வந்தது.

பிறகு, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். கார்த்திகைக்குச் சற்று முன், பறிப்பு தொடங்கியிருந்த சமயம். ஊரெல்லாம் கவர்னரின் கருத்தைக் கேட்கக் காத்திருந்தது. அவர் வழக்கத்துக்கு மாறாக ஒரே வரியில் முடித்துக்கொண்டார்: "ஈரத்தைக் கழிங்கன்னா, மூட்டையையே கொட்டிப்புட்டாங்க."

மூன்றாம் நாள் மேனேஜர், நிரந்தர வேலையாட்கள் பத்துப் பேரை ஆபீசுக்கு அழைத்தார். மேசைமேல் பத்து மஞ்சள் பைகள். ஒவ்வொன்றிலும் முதலாளியின் பழைய நோட்டுகள். ஆளுக்கு ஒரு பையை எடுத்துப் போய் ஏற்காடு வங்கியில் அவரவர் கணக்கில் போட வேண்டும். பிறகு சிறுகச் சிறுகப் புது நோட்டாக எடுத்துத் தர வேண்டும். முதல் பையை எடுத்தவன் நான். கவர்னர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது எந்த நேரத்து வேலைங்க?"

"அவசரம்யா. இதுல நேரமென்ன?" என்றார் மேனேஜர்.

"இல்லீங்க, தெரியணும். சம்பள நேரம்னா, பழம் நிறுக்கறதுதான் என் வேலை. பாஸ்புக்கு அதுல வராது. அஞ்சு மணிக்கு மேலன்னா, சிநேகிதத்துக்குச் செய்யணும். இந்தப் பணத்தோட எனக்குச் சிநேகிதம் இல்லீங்க."

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் மிக அமைதியாக, "அப்ப லயன் வீடு யாரோட சிநேகிதத்துல இருக்கு?" என்று கேட்டார். தோட்டம் கொடுத்த அந்த ஒற்றை அறை வீட்டைத் தவிர அவருக்கு மலையில் வேறு இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். அதைக் கொடுக்குமுன் ஒருமுறை பேசி வழிக்குக் கொண்டுவா என்று மேனேஜர் என்னையே அனுப்பினார். பிற்பகல் மூன்று மணி. தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரைட்டரய்யா, இப்ப சம்பளத்துக்கு வந்திருக்கறீங்களா, சும்மா வந்திருக்கறீங்களா?"

பொய் சொல்ல நா எழவில்லை. "சம்பளத்துக்குத்தான்" என்றேன்.

"அப்பக் கடுதாசிய வச்சிட்டுப் போங்க. அஞ்சு மணிக்கு மேல டீக்கடைக்குச் சும்மா வாங்க. நொம்ப யோசனையா இருக்குது. உங்களக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும்."

கடிதத்தை வைத்துவிட்டு வந்தேன். சங்கு ஊதியது. மேனேஜர் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். டீக்கடைப் பாதை அவர் கண்ணெதிரே செல்கிறது. நான் பின்பக்கமாக, மிளகுக் கொடிகளுக்கிடையே நுழைந்து வீட்டுக்குப் போய்விட்டேன். அன்றைய வழிபாட்டில் எந்தப் பதிகமும் முழுதாக நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஒரு டிரங்குப் பெட்டியோடு அவர் சேலத்துக்கு இறங்கிப் போனார் என்றார்கள். எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லவில்லை. என் பாஸ்புக்கில் நான் உழைக்காத பணம் சில வாரங்கள் தங்கிப் போயிற்று.

அப்போது புதிதாக வந்த இரண்டாயிரம் ரூபாய் நோட்டையும் பிற்பாடு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். செய்தித்தாளில் அதைப் படித்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். இதற்கு அவர் என்ன சொல்வார் என்று மனம் அடித்துக்கொண்டது. அத்தனை ஆண்டுகளாக மிதிக்காத டீக்கடைக்குப் போனேன். பாய் நரைத்திருந்தார். நான் கேட்காமலே பேச்சைத் தொடங்கினார்.

"அன்னைக்கு உங்களுக்கும் சேத்து ரெண்டு டீ சொன்னாருங்க ரைட்டர் சார். ஆறிப்போச்சேன்னு ரெண்டு தடவ மாத்திக் குடுத்தேன். இருட்டற வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

"என்னைத் திட்டினாரா?"

"இல்லீங்க. நானே, 'பயந்துட்டாரு உங்க ரைட்டரு'ன்னு சொன்னேன். 'அட, புள்ளகுட்டிக்காரரு பாய், சம்பளம் அவர உட்டுருக்காது'ன்னுட்டு மூணு ரவுண்டு டீக்கும் காசு வச்சிட்டுப் போனாருங்க."

அன்று முதல் கோயிலில் நின்றால் எனக்கென்று எதையும் கேட்க வாய் வருவதில்லை. எந்த ஊரிலாவது, எந்த டீக்கடையிலாவது, அந்த மனிதர் யாரோடாவது ரூபாயைப் பற்றி வழக்காடிக்கொண்டிருக்க வேண்டும், எதிரில் இருப்பவர் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு வருகிறேன்.