வாய் திறக்காத மேஜை

"இன்னும் கொஞ்சம் திறங்க, அவ்வளவுதான், வலிக்காது" என்று பல் டாக்டர் கொஞ்சிக் கெஞ்சினார். மேஜை திறக்கவில்லை.

ஊரில் பாதிப் பேரின் வாயைத் திறக்க வைத்தவர், ஞாயிறு காலையில் தன் கையால் செய்த சாப்பாட்டு மேஜையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நடுவில் பிரிகிற மேஜை அது. இரு பக்கமும் பிடித்து இழுத்தால் பாதியாக விலகும். இடைவெளியில் இரண்டு பலகைகளைப் போட்டால் ஆறு பேர் மேஜையில் பத்துப் பேர் உட்காரலாம். வெள்ளிக்கிழமை வெண்ணெயாக வழுக்கியது. இன்றைக்குப் பார்த்துக் கல்லுளிமங்கனாக நின்றது.

மதியம் அவருடைய அண்ணனும் தம்பியும் குடும்பத்தோடு வருகிறார்கள். தம்பி தன் புது வீட்டுக்கு அண்ணன் சொன்ன கலரில் பெயிண்ட் அடிக்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே மேஜையில் உட்கார வைத்தால் பேசிவிடுவார்கள் என்று நம்பித்தான் டாக்டர் கிளினிக் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மரத்தூளில் குளித்தார். மேஜை விரியாவிட்டால் ஒருவருக்கு ஹாலிலும் மற்றவருக்கு மாடியிலும் சாப்பாடு போட வேண்டும்.

"ஏங்க, இருக்கிறபடியே இருக்கட்டுமே" என்றாள் மனைவி.

"பயப்படாதே. ஈரக் காத்துல மரம் ஊதியிருக்கு. எனக்குத் தெரியாத மரமா?"

ஹேர் டிரையரை எடுத்து இணைப்பில் சூடு காட்டினார். மரம் அசையவில்லை. மேலே பூசியிருந்த வார்னிஷ்தான் இளகியது. ஊன்றிய கையைப் பிய்த்து எடுத்ததும் ஐந்து விரலும் அச்சாக விழுந்திருந்தன.

"செஞ்சவர் யாருன்னு யாரும் கேட்க மாட்டாங்க மாமா" என்றான், இரண்டு நாள் முன்பே வந்து டேரா போட்டிருந்த மச்சினன்.

"தட்டு வெச்சா மறைஞ்சிடும். நீ அந்தப் பக்கம் புடிச்சு இழு."

இழுத்தார்கள். மேஜை பிரியாமல் முழுசாகக் கிளம்பி வந்து டாக்டரைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. சுவர்க் கடிகாரம் விழுந்து நின்றுபோனது.

"நல்லதாப் போச்சு, நேரமாகுதேன்னு பதறாம வேலை பார்க்கலாம்" என்ற டாக்டர், உளியோடு மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்தார். மச்சினன் டார்ச் பிடித்தான். டாக்டர் பார்க்க வேண்டிய இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் வெளிச்சம் விழுந்தது.

"இங்கதான் இறுகுது மாமா."

"தெரியும், தெரியும்" என்று டாக்டர் அங்கேயே ஒரு தட்டுத் தட்டினார். மேஜைக் காலைப் பிடித்திருந்த ஆப்பு கழன்று அவர் மூக்கில் விழுந்தது. மேஜை ஆட ஆரம்பித்தது. வாசலில் பெல்லும் அடித்தது.

வேறு வழியில்லை. ஆறு பேர் மேஜையைச் சுற்றிப் பத்துப் பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஆளுக்கொரு சுவரை முறைத்தார்கள். சூப் வந்தது. மேஜை சாய்ந்தது. சட்டென்று இருவரும் முழங்காலை அடியில் கொடுத்துத் தாங்கினார்கள்.

"காலை எடுத்துடாதீங்கண்ணே, மொத்தமும் என் மடியில வந்துடும்" என்றான் தம்பி.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எடுக்க மாட்டேன்டா. நீ உன் பக்கத்தை விட்டுடாதே" என்றார் அண்ணன். சூப் தீர்ந்தபோது மெல்லச் சொன்னார்: "உன் வீட்டுப் பச்சை... தள்ளி நின்னு பார்த்தா நல்லாத்தான்டா இருக்கு."

டாக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. சாயங்காலம் இரண்டு குடும்பமும் பேசிக்கொண்டே படியிறங்கின.

"பார்த்தியா, விரியாமலே வேலையை முடிச்சிடுச்சு. எல்லாம் என் கைராசி!" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அவர்களை வழியனுப்ப டாக்டர் வாசலுக்கு ஓடினார்.

மச்சினன் அக்காவின் பக்கம் குனிந்தான்.

"மேஜை விரிஞ்சா ரெண்டு பேரும் ஆளுக்கொரு கோடிக்குப் போயிடுவாங்கன்னு நீ சொன்னது சரிதான்க்கா. அடியில போடச் சொன்ன ரெண்டு ஸ்க்ரூவையும் இப்பக் கழட்டிடட்டுமா?"