மச்சானுக்குக் கொடுத்த திசைகாட்டி

கல்யாணமான முதல் வருஷத்தில் ஓர் ஆண்பிள்ளைக்கு ‘வேண்டாம்’, ‘முடியாது’ போன்ற சொற்கள் மறந்துபோகும். மாமியார் நாலாவது தடவை மீன்குழம்பு ஊற்றும்போதும் தலை தானாகவே ஆடும். எனக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலை. அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராயபுரத்து சர்ச் மண்டபத்தில் என் மாமனார் வீட்டு ஜனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, என் மனைவியின் ராஜ்ஜியத்தை எதிரி கையில் தூக்கிக் கொடுத்தேன்.

ராஜ்ஜியம் என்றால் கம்ப்யூட்டர் ராஜ்ஜியம்தான். (அதுக்கே இந்தப் பாடு!)

கோயில் திருவிழாவுக்கு இளைஞர் குழு வழக்கமாக கேரம், கால்பந்து என்று போட்டி வைக்கும். அந்த வருஷம் புதிதாக ஒரு போர் விளையாட்டைச் சேர்த்திருந்தார்கள். இருவர் ஓர் அணி, அணிக்கு ஒரு லேப்டாப், ஒரு தீவு. ஊர் கட்டலாம், படை திரட்டலாம், புதுப்புது நுட்பங்களைக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்ததை எதிரியிடம் கொடுத்து, அவனிடம் இருப்பதை வாங்கிக்கொள்ளவும் செய்யலாம். இந்தக் கடைசி வசதியை யோசித்தவனுக்கு மச்சான் கிடையாது என்று நினைக்கிறேன்.

எனக்கு இருந்தார். ஸ்டெல்லாவின் அண்ணன் பெனடிக்ட், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். சின்ன வயதிலிருந்து தங்கையை எல்லா விளையாட்டிலும் தோற்கடித்தவர். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, “பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு கேமு?” என்று தொடவே விடாதவர். ஸ்டெல்லா வேலைக்குப் போன பிறகு, சாப்பாட்டு இடைவேளையில் செல்போனில் விளையாடியே இந்த விளையாட்டைக் கரைத்துக் குடித்திருந்தாள். இறுதிச் சுற்றில் மூன்று அணிகள். நாங்கள், பென்னி மச்சானும் அவர் மனைவி ஷீலாவும், அப்புறம் வியாசர்பாடியிலிருந்து வந்த அக்கா தங்கை. அவர்கள் இருவரும் குத்துச்சண்டைக்காரர்கள். அதிகம் பேசவில்லை.

உட்காருமுன் ஸ்டெல்லா எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தாள்.

“ஒரே ஒரு தபா எங்கண்ணன ஜெயிக்கணும். படை, ஊரு எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க பேச்சுவார்த்தை மட்டும். யாரு இன்னா கேட்டாலும் ‘வேணாம்’னு ஒரு பட்டன் கீது, அத்த அமுக்குங்க. அவ்ளோதான்.”

“அவ்ளோதானா?” என்றேன், கொஞ்சம் அவமானமாக. (எண்ணூர் கன்டெய்னர் யார்டில் ஒரு நாளைக்கு எத்தனை லாரிக்காரர்களைப் பேசிச் சமாளிக்கிறேன்!)

ஆட்டம் எங்கள் பக்கமே ஓடியது. திசைகாட்டியை முதலில் கண்டுபிடித்தது ஸ்டெல்லாதான். அது இல்லாமல் ஆழ்கடலைத் தாண்ட முடியாது. ஆக, நாங்கள் யார் வீட்டுக்கும் போகலாம், எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வர முடியாது. ஸ்டெல்லாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து, ஊரிலிருந்து வந்த சித்தி கிளம்புகிறாள், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்று மாமியார் கூப்பிட்டார். ஸ்டெல்லா எழுந்து போனாள். எதிரில் இருந்த மச்சான் மேசைமேல் சாய்ந்தார்.

“மாப்ள, அந்த திசகாட்டிய இப்டி தள்றது? பதிலுக்குக் காகிதம் செய்றத தர்றேன்.”

விரல் ‘வேண்டாம்’ மேல்தான் இருந்தது. சத்தியமாக இருந்தது.

“ஸ்டெல்லாவ ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“ஊட்டுப் பொண்ணையே குட்துகீறோம் மாப்ள, ஒரு திசகாட்டி தர மாட்டியா?”

பின்னால் நாற்காலியில் இருந்த மாமனார் தொண்டையைச் செருமினார். அது சம்மதமா, எச்சரிக்கையா, வெறும் சளியா என்று இன்றுவரை தெரியாது. எனக்கு உத்தரவு போலக் கேட்டது.

“படையெடுத்து வர மாட்டீங்களே?”

“சேச்சே! சொம்மா மீன் புடிக்கத்தான்.”

‘சம்மதம்’ பட்டனை அமுக்கினேன். அமுக்கிய அடுத்த கணம் மச்சான் வியாசர்பாடி பக்கம் திரும்பி, “இன்னாம்மா, திசகாட்டி வோணுமா? வெடிமருந்த குடு” என்று குசுகுசுத்தது காதில் விழுந்தது. கொடுத்ததை வாங்கியவன் இன்னொருவனுக்குக் கொடுக்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஸ்டெல்லா திரும்பி வந்தாள்.

“காகிதம் எப்ப வந்துச்சு?”

“அது... தானா வந்துச்சு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். தப்பிக்க நேரம் இருந்தது. ஆனால் அவள் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்னதாக ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி புது ஊருக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது? நான் திரையின் ஓரத்தில் இருந்த கருநீலக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேகத்தின் நிழல் நகர்ந்தால்கூடக் கப்பலோ என்று குனிந்து பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

“இன்னாங்க, இப்டி வேர்க்குது? ஃபேன் நேராத்தானே கீது?”

“உப்புக்காத்து.” (ஜன்னல் மூடியிருந்தது.)

“ஸ்டெல்லா, கரையோரம் ஒரு மதில் கட்டினா என்ன?”

“யாருக்குப் பயந்து? கடல் தாண்டி எவன் வரப்போறான்?”

“சும்மா, அழகுக்கு.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மதில் கட்டவில்லை.

முதலில் மச்சான் அணியின் நீலப் பாய்மரம் ஒன்று தெரிந்தது. பிறகு வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் பீரங்கி. மீன்வலை எதிலும் இல்லை.

“ஆழ்கடல்ல இவன் எப்டி...?” என்று தொடங்கிய ஸ்டெல்லா பாதியில் நிறுத்தினாள். மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

எதிரிலிருந்து மச்சான் மண்டபமே அதிரக் கத்தினார். “மாப்ள எனக்கு செஞ்ச சீர் இது!”

எல்லாரும் சிரித்தார்கள். மாமியார்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அதுவரை என்னை ‘ஏங்க’ என்று மட்டுமே கூப்பிட்டிருந்த ஸ்டெல்லா முதன்முதலாக, “யோவ்!” என்றாள்.

எங்கள் தலைநகரம் விழுந்தது. மச்சானின் சந்தோஷமும் நிலைக்கவில்லை. அவர் படை முழுக்க எங்கள் கரையில் நின்றபோது, அதே திசைகாட்டியை வைத்து வியாசர்பாடிச் சகோதரிகள் அவருடைய காலித் தீவில் இறங்கிவிட்டார்கள். கோப்பை அவர்களுக்கு. போகும்போது தங்கை என்னிடம் வந்து, “ரொம்ப டேங்க்ஸ்ணா” என்றாள். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் குத்தியதில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்டெல்லா பைக்கின் பின்னால் என் தோளைப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டி நின்றபோது பேசினாள்.

“எங்கண்ணன் கேட்டா குட்துட்ட. ஒரே ஒரு தபா அவன ஜெயிக்கணும்னு நான் சொன்னது உனக்குக் காதுல வுழலியா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்து லாரி ஹாரன் அடித்தது. நல்லவேளை என்று நினைத்தேன்.

அடுத்த வருஷத் திருவிழாவில் அவள் தன் அண்ணியை, அதாவது மச்சானின் மனைவி ஷீலாவையே, கூட்டாளியாக்கிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து மச்சானைக் கடலுக்குள் தள்ளினார்கள். நான் கை தட்டினேன். யாருடனும் பேச எனக்கு அனுமதி இல்லை.

ராயபுரத்து வீட்டில் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. யாருக்காவது சார்ஜர் வேண்டுமென்றால் மாமியார், “மாப்ளய கேளு, கேட்டா கப்பலே தருவாரு” என்பார்.

பிறகு ஸ்டெல்லாவும் ஷீலாவும் ஒரே சமயத்தில் கர்ப்பமானார்கள். ஸ்டெல்லா பெண் குழந்தைக்கு ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தாள். என்ன பெயர் என்று கேட்டேன்.

“உன்னாண்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள எங்கண்ணன் ஊட்டுக்குப் பூடும்” என்றாள்.

சிரித்துவிட்டு மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். மகள் பிறந்தாள். வீட்டில் எல்லாரும் ‘பாப்பா’ என்றார்கள். நானும் பாப்பா என்றேன். ஞானஸ்நானத்தன்று, தொட்டியருகே நின்ற ஃபாதர் என்னைப் பார்த்து, “குழந்தைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

நான் திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் முதலில் மச்சான் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டாள். பிறகு ஃபாதரின் காதோரம் குனிந்தாள்.