தலைகீழாக நின்றாலும்

மும்பையில் இத்தனை ஜனம் இருக்கிறதே, அதில் போலீஸ்காரர், முனிசிபாலிட்டிக்காரர், கட்டிய மனைவி என்று மூன்று தரப்போடும் தலைகீழாக நின்றபடியே வாதாடி ஜெயித்த ஒரே ஆத்மா எங்கள் தாராவி உல்டா அண்ணாச்சிதான். இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்ல நான் தயார்.

இந்தியில் உல்டா என்றால் தலைகீழ். அண்ணாச்சிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கடைக்காரரைத் தவிர யாருக்கும் அது ஞாபகமில்லை. பைகளுக்கு ஜிப் தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். காலையில் பட்டறையைத் திறக்குமுன் சிரசாசனம் செய்தாக வேண்டும். வீடோ தீப்பெட்டி சைஸ், காலைத் தூக்கினால் ஃபேனில் இடிக்கும். அதனால் கல்லியிலேயே, அதாவது சந்திலேயே, எங்கள் வாசலுக்கு நேரெதிரே, ஒரு சாக்கை மடித்துப் போட்டு நின்றுவிடுவார். தண்ணீர்க் குடத்தோடு வருகிறவர்கள் கரண்ட் கம்பத்தைச் சுற்றிப் போவது போல அவரைச் சுற்றிப் போவார்கள்.

நின்றாலும் வாய் சும்மா இருக்காது. "என்ன தங்கச்சி, இன்னைக்கு உங்க வீட்டுல கருவாடா?" என்று தரையிலிருந்து குரல் வரும். ஜலதோஷம், வாயுத்தொல்லை, முடி கொட்டுவது, ஜி.எஸ்.டி. கவலை, எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து என்பார். ஒரு தேர்தல் சமயம், கல்லி முழுக்க ஒவ்வொருவர் காலிலும் விழுந்து இடுப்பு கழன்றுபோய் வந்தார் ஒரு வேட்பாளர். அண்ணாச்சியின் பாதங்கள் தன் முகத்துக்கு நேராகவே இருப்பதைப் பார்த்தார். நின்ற வாக்கிலேயே தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "பஹுத் மெஹர்பானி", ரொம்ப நன்றி, என்றார். அந்த மனிதர் அன்று சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை என்று நான் நம்புகிறேன்.

இப்படி இருந்தவருக்கு இடது கண் மங்கியது. "புரைதான், பழுக்கட்டும், எடுத்துக்கிடலாம்" என்று மாம்பழத்துக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தார். கடைசியில் மதினி, அதாவது அவர் மனைவி, சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அது புரை இல்லை, கிளாக்கோமா. இங்கே அதைக் காலா மோத்தியா என்பார்கள், கறுப்பு முத்து. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை நசுக்கும் வியாதி. இடது கண் முழுக்கப் போய்விட்டிருந்தது. வலது கண்ணிலும் ஓரங்கள் தேய ஆரம்பித்திருந்தன.

சொட்டு மருந்துக்கெல்லாம் அண்ணாச்சியின் கண் மசியவில்லை. டாக்டரம்மா வலது கண்ணின் மேல் இமைக்கு அடியில் நீர் வடிய ஒரு சின்ன வழி வெட்டிவிட்டார். அண்ணாச்சியின் உடம்பு அதைக் காயம் என்று நினைத்து ஆற்றி, தழும்பாக்கி, வழியை அடைத்துவிட்டது.

"பாத்தியா தங்கச்சி, என் உடம்பும் தையக்காரன்தான். ஓட்டையைக் கண்டா வுடாது!" என்று பெருமை வேறு.

அடுத்த ஆபரேஷனில் மெல்லிய சிலிக்கான் குழாய் ஒன்றை வைத்தார்கள். ஒரு முனை கண்ணுக்குள், மறு முனை விழியின் வெள்ளைப் பகுதியில் ஒளித்துத் தைத்த சின்னத் தகட்டில். நீர் அங்கே போய் வடிந்துவிடும். "பைக்குள்ள ரகசிய பாக்கெட் வச்ச மாதிரி" என்று கல்லி பூரா சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"கொஞ்ச நாளைக்குக் குனியக் கூடாது" என்பது உத்தரவு. அண்ணாச்சி உத்தரவை மதிக்கிறவர். செருப்பை மதினி மாட்டிவிட்டாள். தாராவி வீட்டு வாசல்கள் எல்லாம் குள்ளம். அவர் குனியவே மாட்டேன் என்று நிமிர்ந்து நுழைந்து, எங்கள் வீட்டு நிலையில் மட்டுமே பலமுறை நெற்றியை இடித்துக்கொண்டார். சிரசாசனமும் நின்றது. பீடியை விட்டவர் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தார்.

பிறகு ஒருநாள் செக்கப் போய்விட்டு வந்தார். மறுநாள் காலை கதவைத் திறக்கிறேன், எதிரே இரண்டு பாதங்கள்!

"அண்ணாச்சி! டாக்டரு சரின்னுட்டாங்களா?"

"அவுகளாத்தான் பேச்சையே எடுத்தாவ!" என்றார் தரையிலிருந்து, பரம திருப்தியாக.

அதன் பிறகு நேரம் கூடிக்கொண்டே போனது. நான் பல் தேய்க்க வரும்போது நிற்பார், இட்லி சாப்பிட்டு முடித்து வரும்போதும் நிற்பார்.

அடுத்தடுத்த செக்கப்புகளில் ஒரு விசித்திரம். கண் பிரஷர் அளந்தால் பிரமாதம், பார்வைப் பரப்பை அளந்தால் அபாயம். இந்தப் பரப்பு சோதனையில் ஒரு டப்பாவுக்குள் பார்த்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போது பட்டனை அமுக்க வேண்டும். முதல் தடவை அண்ணாச்சி தையல் மிஷின் வேகத்தில் அமுக்கித் தள்ளியதில், இந்த ஆளை நம்ப முடியாது என்று மிஷினே ரிப்போர்ட் கொடுத்துவிட்டது. நாங்கள் சிரித்தோம். அடுத்த தடவை ஒழுங்காக அமுக்கினார். ஓரங்கள் இன்னும் கறுத்திருந்தன. யாரும் சிரிக்கவில்லை.

அன்று நானும் துணைக்குப் போயிருந்தேன். மதினி டீ வாங்கப் போன நேரம், அண்ணாச்சி என் பக்கம் சாய்ந்தார்.

"தங்கச்சி, ஜிப்பு தைக்க முடியலைன்னாப் போவுது. அவ மூஞ்சி தெரியாமப் போயிரும்லா. அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

அந்த வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை.

மதினி டீயோடு வந்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா பக்கத்து மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசும் நோயாளி கிடைத்துவிட்டால் ஆனந்தம் தாங்காது, மறந்தும் ஒரு வார்த்தை இந்தி வராது. அன்று ஆனந்தமெல்லாம் இல்லை. ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குழாய் நன்னா வேலை செய்யறது. பிரஷர் இறங்கியிருக்கு. அப்புறம் ஏன் நரம்பு கெட்டுண்டே போறது? நிஜமாவே சிக்கலான கேஸ். அண்ணாச்சி, வீட்டுல என்னதான் பண்றீங்க?"

"நீங்க சொன்னபடிதாம்மா செய்யுதாவ" என்றாள் மதினி. "தெனமும் தலைகீழா நிக்காவ."

"நான் எப்போ சொன்னேன்?"

"நீங்கதானம்மா சொன்னிய!" அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "தலைகீழா நின்னாலும் போன பார்வை வராதுன்னிய. எம்புட்டு நேரம் நின்னா வராதுன்னு சொல்லலியே. அதான் நேரத்தைக் கூட்டிக்கிட்டே போறேன்!"

பாவம், அந்தப் பெண் ஒரு நல்ல தமிழ்ப் பேச்சு பேசியிருக்கிறது. மும்பையிலேயே அதைப் பேசக் கூடாத ஒரே ஆளிடம் பேசியிருக்கிறது.

"அது சும்மா பேச்சுக்குச் சொல்றது அண்ணாச்சி! நிஜமாவே யாராவது நிப்பாளா?"

"நிப்பாங்களாவா? இந்தா பாருங்க!"

நாங்கள் மூன்று பேரும் பாய்வதற்குள் அவர் நின்றுவிட்டார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்ததால் மானம் தப்பியது.

"ஐயோ, இறங்குங்கோ!" என்று அலறிய டாக்டரம்மா, சட்டென்று, "இருங்கோ, ஒரே நிமிஷம், அசையாதீங்கோ!" என்று கையடக்க பிரஷர் மீட்டரை எடுத்துக்கொண்டு வெள்ளைக் கோட்டோடு தரையில் குப்புறப் படுத்தார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மராத்தி நர்ஸ், "அரே தேவா!" என்று கதவை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

பிரஷர் இரண்டு மடங்கு எகிறியிருந்தது.

"பாத்தேளா? தலைகீழா நின்னா ஏறிடறது. இங்கே வந்து உட்கார்றதுக்குள்ளே இறங்கிடறது, நானும் ஏமாந்துண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே நின்னா எல்லாமே இருட்டுதான்" என்றவர், இனித் தமிழை நம்புவதற்கில்லை என்று தீர்மானித்து, "சிரசாசன் பந்த்! ஏக்தம் பந்த்!" என்று இந்தியில் உத்தரவு போட்டார்.

அண்ணாச்சி மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். மதினியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பந்த்" என்றார்.

அதோடு சரி. போன பார்வை வரவில்லை. மிச்சம் இருந்தது அப்படியே இருக்கிறது, ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்த மாதிரி. இப்போது காலையில் எல்லாரையும் போலக் காலில் நிற்கிறார். எங்களுக்குத்தான் அதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. பக்கவாட்டில் வருகிறவர்கள் அவருக்குத் தெரிவதில்லை. அதனால் நான் எங்கே அவரைக் கண்டாலும் சுற்றிக்கொண்டு போய் நேர் எதிரே நின்றுகொண்டுதான் பேசுகிறேன். அவருக்கு மிச்சமிருக்கிற அந்தத் துளிப் பார்வைக்குள் நானும் இருக்க வேண்டும் எனக்கு.