ரேக்ளா அல்ல, ரெகே

மதிப்பிற்குரிய ‘தென்முனைச் செய்தி’ ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

லாபிஸிலிருந்து தங்கராஜு, ஓய்வுபெற்ற ரயில் நிலைய ஊழியர், வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் அலுவலகத்தில் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். இதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் போன ஞாயிறு உங்கள் பதினோராம் பக்கத்தில் “அமரர் தங்கராஜுவின் தங்கை” என்று போட்டிருக்கிறீர்கள். செத்தது தங்கை, அமரர் பட்டம் எனக்கு. திங்கள் காலையில் பக்கத்து ஊரான சாஆவிலிருந்து பழைய நண்பர் ஐயாசாமி மலர்வளையத்தோடு வந்து, கதவைத் திறந்த என்னிடமே “அண்ணன் எப்ப போனாரு?” என்று கேட்டார். கண்ணாடி போடாமல் வந்துவிட்டாராம். வளையத்தை வாங்கி வைத்துக்கொண்டு காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் தங்கை புஷ்பவள்ளியை “நாட்டின் முதல் தமிழ்ப் பெண் ரேக்ளா பாடகி” என்று எழுதியிருக்கிறீர்களே, ரேக்ளா என்பது மாட்டு வண்டிப் பந்தயம் ஐயா. அவள் பாடியது ரெகே. ஜமைக்கா என்ற தீவில் பிறந்த இசை. அவள் வாழ்நாளில் மாட்டு வண்டி ஏறியதே இல்லை, ஏறியதெல்லாம் ஃபேக்டரி பஸ். எல்லாம் அந்த பஸ்ஸில்தான் ஆரம்பித்தது. எண்பத்தொன்பதில் ஜோகூர் பாருவில் அறை எடுத்து, பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டிய முஸ்தபா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பேண்டில் பாஸ் கிட்டார் வாசிப்பவர். அவர் போடும் கேசட்டைக் கேட்டு மற்ற பெண்கள் “அலமாக், தூங்க விடுங்கண்ணே” என்று கத்த, இவள் மட்டும் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள். ஆறே மாதத்தில் அந்த பேண்டுக்கு இவள்தான் பாடகி.

எங்களுக்குத் தெரிந்தது பெண் பார்க்க வந்த அன்றுதான். மாப்பிள்ளை வீட்டார் குளுவாங்கிலிருந்து இரண்டு வேனில் வந்திருந்தார்கள். பொண்ணு பாடுமா என்று கேட்டார்கள். ஒரு முருகன் பாட்டு பாடுவாள் என்று அப்பா நம்பி உட்கார்ந்திருக்க, இவள் எவர்சில்வர் டம்ளரைத் தட்டிக்கொண்டு, ஃபேக்டரி சூப்பர்வைசரைத் திட்டித் தானே எழுதிய பாட்டை ஆரம்பித்துவிட்டாள். தாளம் விழ வேண்டிய இடத்தில் விழாமல் அடுத்த இடத்தில் போய் விழுந்துச்சு. மாப்பிள்ளையோட சித்தப்பா கேசரியைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் கேட்டாரு. கேட்டுட்டு, “சரி, பாட்டை எப்ப ஆரம்பிக்கும்?”ன்னாரு. வேன் ரெண்டும் போயிருச்சு. “இந்த வீட்டுல உனக்கு இனிமே சோறு இல்ல”ன்னு அப்பா சொல்லிட்டாரு. மறுநாள் அவ ரயிலேறினப்ப ஸ்டேஷன்ல டூட்டி எனக்குத்தான். பச்சைக் கொடி காட்டினதும் நான்தான்.

அதுக்கப்புறம் அவளுக்கு எதுவுமே ஒழுங்கா நடக்கல ஐயா. ஒரே ஒரு கேசட் போட்டா. வானொலிக்கு அனுப்பினா, ‘ஒலிநாடா பழுதடைந்துள்ளது, பாட்டு நின்று நின்று வருகிறது’ன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டாங்க. அது அப்படித்தான் லா வரும், அதுதான் அந்த இசைன்னு யார் போய்ச் சொல்றது? கல்யாணங்கள்ல சினிமாப் பாட்டுக்கு நடுவுல சொருகிப் பாடுவா. பொந்தியான்ல ஒரு தடவை பாதிப் பாட்டுல மைக் ஒயரைப் பிடுங்கிட்டாங்க. இவ மைக் இல்லாமலே பாடி முடிச்சாளாம், முஸ்தபா சொன்னாரு. கடைசியில கிட்னி போயிருச்சு. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். மெஷின் போடுற சத்தத்துக்கு ஏத்த மாதிரி முனகிக்கிட்டே கிடப்பாளாம். பக்கத்துப் படுக்கைக்காரர் ரெண்டு தடவை புகார் கொடுத்தாரு.

போன வருஷம் பிரவீனான்னு ஒரு காலேஜ் பொண்ணு எங்கேயோ பழைய கேசட்டைக் கண்டெடுத்து, அலைஞ்சு திரிஞ்சு இவளைத் தேடிப் பிடிச்சு, ஜோகூர் பாருல ஒரு மண்டபத்துல கச்சேரி வச்சுது. ஞாயிறு மதியம். அவ பேர் போட்ட முதல் போஸ்டர் அதுதான். நாப்பத்து மூணு பேர் வந்தாங்க. நான் முன் வரிசையில உட்கார்ந்து கேட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து, ஊசி குத்திக் குத்திப் புடைச்சுப் போன கையை மடியில வச்சுக்கிட்டு ஏழு பாட்டு பாடினா. ஆறாவது பாட்டுல முஸ்தபா வாசிக்கிறதை விட்டுட்டு அழுதுட்டாரு. அவ திரும்பிப் பார்த்து, “பாய், அழுறதா இருந்தா தாளத்துல அழுங்க”ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நாலு மாசத்துல போயிட்டா. ஐம்பத்தெட்டு வயசு.

ஆகவே, ரெகே என்று திருத்தமும், நான் உயிரோடிருக்கும் தகவலும், தங்கள் வருத்தமும் அதே பதினோராம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். உண்மையை அச்சிடுவதுதானே பத்திரிகையின் கடமை?

தங்கள் பத்திரிகை பல்லாண்டு வாழவும், பிழை திருத்துபவருக்கு நல்ல கண்பார்வை கிடைக்கவும் முருகனை வேண்டும்,
தங்கராஜு (இருக்கிறேன்)

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன் என்று எழுதினது பொய். எனக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வச்சிருந்தாங்க. லாபிஸ்லேருந்து அவ்வளவு தூரம் ஓட்டிட்டுப் போயி, மண்டபத்து வாசல்ல காரை நிறுத்தி, இறங்காமலே உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷம் கழிச்சு எந்த முகத்தோட உள்ளே போறது? உள்ளே நடந்ததெல்லாம் பிரவீனா சொல்லித்தான் தெரியும். என் திருத்தத்தை முதலில் போடுங்கள், உங்களுடையது பிறகு வரட்டும். கச்சேரி முடிஞ்சு அவளை சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டு வந்தாங்க. என் காரைப் பார்த்துட்டா. கிட்ட வந்து கண்ணாடியைத் தட்டினா. இறக்கினேன். “அண்ணே, கேட்டுச்சா?”ன்னா. “நல்லா கேட்டுச்சு”ன்னேன். அவ்வளவு சந்தோஷமா சிரிச்சா. எனக்கு ஒரு பாட்டுகூடக் கேட்கல ஐயா.