கர்சருக்குப் பதவி உயர்வு

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் கர்சரைப் போல் அடக்கமானது வேறில்லை. கணினித் திரையில் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே முடியளவு கனத்தில் நின்று, அடுத்த எழுத்து விழப்போகும் இடத்தைக் காட்டும். அது ஏன் விட்டுவிட்டு மின்னுகிறது தெரியுமா? அசையாமல் இருப்பதைக் கண் மறந்துவிடும். அதிகாரிகளுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது.

எங்கள் வடிகால் அலுவலகத்தின் ஒரே தட்டச்சரான அக்காவுக்குப் பார்வை மங்கி வருகிறது. ஒருநாள் கர்சர் எங்கே நிற்கிறதென்று தெரியாமல் தட்டிவிட்டார். சாக்கடைக்கான சொற்கள் கையெழுத்துப் பகுதியில் போய் விழுந்தன. கடிதம் இப்படி முடிந்தது: ‘இப்படிக்கு, உடனடியாக அடைப்பு நீக்கப்பட வேண்டிய இயக்குநர்.’

“இன்னொரு தடவை இப்படி நடந்தா, சாமான் கிடங்குக்கு மாத்திடுவேன்” என்றார் இயக்குநர்.

அக்கா கணினிப் பிரிவில் இருக்கும் என்னிடம் வந்தார்.

“தம்பி, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடறேன், அகப்படவே மாட்டேங்குது. அந்தக் கோட்டைக் கொஞ்சம் தடியாக்க முடியாதா?”

முடியும். அமைப்புகளைத் திறந்து ‘தடிமன்’ என்ற எண்ணைக் கூட்டினால் போதும். நிறம் மாற்றலாம். கர்சர் நிற்கும் வரி முழுவதற்கும் இளமஞ்சள் பூசலாம். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஆனால் எங்கள் அலுவலகம் அவ்வளவு பொறுப்பற்றதா என்ன? ‘கர்சர் காண்புநிலைக் குழு’ கூடியது.

துணை இயக்குநர் ஆழமான ஐயம் ஒன்றைக் கிளப்பினார். “சார், தட்டச்சருக்கும் உங்களுக்கும் ஒரே தடிமன்னா, உங்க மரியாதை என்னத்துக்கு ஆகும்?”

“அதானே!” என்றார் இயக்குநர்.

“சார், நீங்க டைப்பே பண்றதில்லையே?” என்றேன்.

“தினம் பண்றவங்களுக்கு அது எங்க இருக்கும்னு பழகியிருக்கும்பா. பண்ணாத எனக்குத்தானே காட்டணும்?”

இவ்வளவு தெளிவை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. இயக்குநருக்குக் கட்டைவிரல் கனத்தில் சிவப்புக் கர்சர், துணை இயக்குநருக்குச் சுண்டுவிரல் கனத்தில் நீலம் என்று அன்றே பொருத்தினேன். அக்காவின் கோரிக்கையும் ‘கருணையுடன்’ ஏற்கப்பட்டது. எழுத்துபூர்வமான ஆணை வந்ததும் மாற்றித் தரலாம்.

அந்த ஆணையைத் தட்டச்சு செய்ய வேண்டியவர் அக்கா. பழைய முடிக்கோட்டை வைத்துக்கொண்டுதான். ‘இயக்குநர் ஒப்புதலுடன் தடித்த கர்சர் வழங்கப்படும்’ என்பது ‘தடித்த இயக்குநர் ஒப்புதலுடன் கர்சர் வழங்கப்படும்’ என்று வந்தது.

“அங்க இருக்கிற குழாயாவது கண்ணுக்குத் தெரியும்ல தம்பி?” என்று கேட்டுவிட்டு, அக்கா கிடங்குக்குப் போனார்.

வேறு தட்டச்சர் இல்லாததால் இப்போது இயக்குநரே ஆணையைத் தட்டச்சு செய்கிறார். வெறும் வெள்ளைப் பக்கத்தில் சிவப்புக் கர்சர் குன்றின் மேலிட்ட விளக்காக மின்னுகிறது. தெருவில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியே பார்க்கலாம். எங்கள் சாதனையை இனி யாரும் மறுக்க முடியாது. இந்த அலுவலகம் எங்கே நிற்கிறது என்பது ஊருக்கே தெளிவாகத் தெரிகிறது: முதல் வரியில், முதல் எழுத்துக்கும் முன்னால்.